சத்து பாக்கெட்டில் இல்லை

ரத்தப் பரிசோதனை முடிவு கைக்கு வந்த மறுநாள் எனக்குத் தெரிந்த பலரும் செய்கிற முதல் காரியம் கீன்வா வாங்குவது. கூடவே சியா விதை, அவகாடோ. உலக நாடுகளின் ஆரோக்கியச் சமையல் என்றால் தூரதேசத்து விலையுயர்ந்த பொருள் என்கிற நம்பிக்கை அவ்வளவு ஆழமாக ஊன்றிவிட்டது. வாங்க முடியாதவர்கள், "அதெல்லாம் காசு இருக்கிறவங்க சாப்பாடு" என்று ஒதுங்கிக்கொள்கிறார்கள். வாங்க முடிந்தவர்கள், கொதிநீரில் கொட்டியதோடு உடம்பு தேறிவிடும் என்று நம்புகிறார்கள். பொருளிலேயே சத்து முழுசாக உட்கார்ந்திருக்கிறது என்ற நினைப்புதான் இரண்டு தரப்பையும் ஏமாற்றுகிறது. அது தவறு. அந்தத் தவறுக்கு மனிதர்கள் உயிரையே விலையாகக் கொடுத்திருக்கிறார்கள்.

மெக்சிகோவின் பழங்குடிப் பெண்கள் மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, இரவெல்லாம் ஊறவிட்டு, காலையில் தோல் வழுக்கிக்கொண்டு வரும்வரை தேய்த்து அலசி, கல்லில் அரைத்து, ரொட்டி தட்டினார்கள். நாம் வெற்றிலையில் தடவுகிறோமே, அதே சுண்ணாம்புதான். கொலம்பஸுக்குப் பிறகு ஐரோப்பா மக்காச்சோளத்தைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனது. அந்தப் பெண்களின் கைப்பக்குவத்தைக் கரையிலேயே விட்டுவிட்டது. விளைவு, மக்காச்சோள மாவையே நம்பிப் பிழைத்த ஏழைகளுக்குத் தோல் வெடித்தது, வயிறு கெட்டது, கடைசியில் புத்தி பேதலித்தது. ஸ்பெயினில் 1735இலேயே காஸ்பார் காசல் என்ற மருத்துவர் இந்த நோயைக் கவனித்துக் குறித்தார். பெலாக்ரா என்ற பெயர் பின்னால் வந்தது. வட இத்தாலியிலும், இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்கத் தென்மாநிலங்களிலும் அது கூட்டம் கூட்டமாக மக்களை வாட்டியது. ஒட்டுவாரொட்டி நோய் என்றே பலரும் பயந்தார்கள். 1914 முதல் இதை ஆராய்ந்த ஜோசப் கோல்ட்பெர்கர், குற்றவாளி கிருமி அல்ல, சாப்பாடு என்று காட்டினார். 1937இல் நியாசின் என்ற வைட்டமின் இதைக் குணமாக்குவது தெரியவந்தது. மக்காச்சோளத்தில் நியாசின் இல்லாமலில்லை. உடம்பு எடுத்துக்கொள்ள முடியாதபடி கட்டுண்டு கிடக்கிறது. அந்தக் கட்டை அவிழ்ப்பது சுண்ணாம்பு.

கீன்வாவும் அப்படித்தான். அதன் மேல்தோலில் சபோனின் என்ற கசப்பு உண்டு. ஆண்டீஸ் மலைமக்கள் அதைத் தேய்த்துக் கழுவித்தான் உலையில் போட்டார்கள். ராஜ்மாவை ஊறவைத்து நன்றாகக் கொதிக்கவிடாமல் அரைவேக்காட்டில் தின்றால் வாந்தியும் பேதியும்தான் மிச்சம்.

விலையுயர்ந்த பொருள் இல்லாமல், கைப்பக்குவத்தை நம்பி நான் அடிக்கடி செய்வது நைஜீரியாவின் மொயின்மொயின் என்ற ஆவியில் வேகும் பண்டம். அதற்கு வேண்டிய முக்கியப் பொருள் நம் மளிகைக் கடையின் கீழ்த்தட்டில் கிடக்கும் காராமணி. ஆப்பிரிக்காவில் பிறந்து, ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே நம் மண்ணுக்கு வந்து சேர்ந்த பயறு. ஊறியதும் தண்ணீருக்குள் இரண்டு கையாலும் கசக்க வேண்டும். தோல் கழன்று மிதக்கும். சாய்த்துக் கொட்டிவிட்டு மறுபடி தண்ணீர், மறுபடி கசக்கல். நாலைந்து தடவைக்குப் பிறகு கறுப்புக் கண் போய், பருப்பு தந்த நிறத்தில் வெளுத்து நிற்கும். சிவப்புக் குடமிளகாய், வெங்காயம், மிளகாய் சேர்த்து நைசாக அரைத்து, உப்பும் எண்ணெயும் விட்டு நுரைக்க அடித்து, இலையில் மடித்து ஆவியில் வைத்தால் முக்கால் மணி நேரத்தில் இறுகிவிடும். அங்கே மீனும் முட்டையும் சேர்ப்பதுண்டு. இல்லாமலும் ருசி குறையாது. இட்லி தின்று வளர்ந்த நாக்குக்கு இது அந்நியமே இல்லை.

இதற்கெல்லாம் நேரமேது என்று வேலைக்குப் போகும் பெண்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி, அதை நான் தட்டிக்கழிக்க மாட்டேன். ஊறுவதற்கு நம் நேரம் வேண்டாம், தூங்கும்போது அது பாட்டுக்கு ஊறும். கசக்குவதற்கு வேண்டும். ஆனால் அது ஏன் வேலைக்குப் போகும் பெண்ணின் நேரமாகவே இருக்க வேண்டும்? எங்கள் வீட்டில் காராமணி கசக்குவது என் மகன். அவனுக்குப் பதினாலு வயது.