டப்பாவின் பின்பக்கத்தையும் படியுங்கள்

கூடலூரில் மருந்துக்கடை வைத்திருப்பவள் நான். சாயங்காலம் ஏலத்தோட்ட ஜீப்புகள் குமுளி மலையிறங்கி வந்ததும் கடையில் கூட்டம் சேரும். பிரஷர் மாத்திரை, தைராய்டு மாத்திரை, மூட்டுவலித் தைலம் என்று கேட்டு வாங்குவார்கள். அப்படி வந்த ஒரு பெண் சில வாரங்களுக்கு முன் பைக்குள்ளிருந்து ஒரு டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்தார். "அக்கா, பிரஷர் மாத்திரையோட இதையும் சேத்துப் போடலாமா?" செல்போனில் விளம்பரம் பார்த்து ஆர்டர் போட்டு வாங்கியது. அறுபது மாத்திரை, விலை 1,799 ரூபாய். அவருக்கு அது மூன்று நான்கு நாள் கூலி.

முன்பக்கத்தில் இடுப்பைச் சுற்றி இஞ்ச் டேப் பிடித்தபடி ஒரு பெண்ணின் படம். 'பத்தே நாளில் 10 கிலோ', 'பத்தியம் வேண்டாம்', '100 சதவீதம் மூலிகை'. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பின்பக்கத்தைத் திருப்பினேன். எறும்பு அளவு ஆங்கில எழுத்தில் 'கார்சீனியா கம்போஜியா' சாறு என்று இருந்தது. அதன்கீழே, மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல என்று ஒரு வரி.

கார்சீனியா கம்போஜியா என்பது நம் குடம்புளிதான். குமுளியில் மசாலாக் கடைக்குக் கடை கறுப்பாகக் காய்ந்து குவிந்து கிடக்கிறதே, அதே புளி. சொன்னதும் அந்தப் பெண் நம்பவில்லை. "மீன் கொழம்புக்குப் போடுற புளியாக்கா இது?" ஆமாம். அந்த 1,799 ரூபாய்க்குக் குமுளியில் அதைக் கிலோக்கணக்கில் வாங்கலாம்.

அதன் தோலில் உள்ள ஹைட்ராக்ஸி சிட்ரிக் அமிலம் உடலில் கொழுப்பு உருவாவதைத் தடுக்கும் என்பதுதான் இந்த வியாபாரத்தின் ஆதாரம். சோதனைக்கூடத்தில் எலிகளிடம் தெரிந்த சங்கதி அது. மனிதர்களிடம் சரிபார்த்த முக்கியமான ஆய்வு 1998-லேயே அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்துவிட்டது. உடல் பருமனான 135 பேர், 12 வாரம். பாதிப் பேருக்கு இந்த அமிலம். மீதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரை. இரு தரப்புக்கும் ஒரே மாதிரி குறைந்த கலோரிச் சாப்பாடு. புளிச்சாறு எடுத்தவர்கள் சராசரியாக 3.2 கிலோ குறைந்தார்கள். வெற்று மாத்திரை எடுத்தவர்கள் 4.1 கிலோ. புள்ளியியல்படி இந்த வித்தியாசத்துக்குப் பொருள் இல்லை. எடையைக் குறைத்தது சாப்பாட்டு அளவு, மாத்திரை அல்ல என்பதற்குத்தான் பொருள் உண்டு. இத்தனை வருடம் கழித்தும் அதே சாறு மூலிகை என்ற பெயரில் நம் ஊருக்கே திரும்பி வந்து விற்கிறது. குழம்பில் இரண்டு சுளை போடுவது வேறு, சாற்றைச் செறிவாக்கி மாதக்கணக்கில் விழுங்குவது வேறு. செறிவான இந்தச் சாறு எடுத்தவர்களுக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டதாக மருத்துவ இதழ்களில் பல பதிவுகள் இருக்கின்றன.

பச்சைக் காப்பிக்கொட்டையின் கதை இன்னும் மோசம். வறுக்காத காப்பிக்கொட்டைச் சாறு எடுத்தால் 22 வாரத்தில் 8 கிலோ குறையும் என்று 2012-ல் ஓர் ஆய்வுக் கட்டுரை வந்தது. அமெரிக்கத் தொலைக்காட்சியில் டாக்டர் ஆஸ் அதைத் தூக்கிப் பேச, உலகமெங்கும் விற்பனை பறந்தது. அந்த ஆய்வு நடந்த இடம் நம் பெங்களூரு. அதில் பங்கேற்றவர்கள் மொத்தம் 16 பேர். எடைக் கணக்குகளை ஆய்வாளர் திரும்பத் திரும்பத் திருத்தினார், யாருக்கு எந்த மாத்திரை என்பதிலேயே குழப்பம் என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் குற்றம் சாட்டியது. ஆய்வுக்குப் பணம் கொடுத்த டெக்சாஸ் நிறுவனம் 35 லட்சம் டாலர் கட்ட 2014-ல் சம்மதித்தது. அதே ஆண்டு கட்டுரையும் திரும்பப் பெறப்பட்டது. 'ஆய்வில் நிரூபிக்கப்பட்டது' என்ற வார்த்தையைப் பார்த்ததும் மயங்காதீர்கள். எத்தனை பேரிடம், எத்தனை வாரம், யார் காசில் என்று கேளுங்கள்.

இனி அந்தப் '10 நாளில் 10 கிலோ'. இதை உடைக்கப் பள்ளிக்கூடக் கணக்கு போதும். உடலில் சேர்ந்த ஒரு கிலோ கொழுப்பு கரைய ஏறத்தாழ 7,700 கலோரி செலவாக வேண்டும். ஒரு பெண்ணின் உடல் ஒரு நாளில் செலவழிப்பது சுமார் 2,000. பத்து நாளும் பச்சைத்தண்ணீர் மட்டும் குடித்துக் கிடந்தாலும் 20,000 கலோரிதான். வகுத்துப் பாருங்கள், இரண்டரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேலே வரும். பத்தியமே வேண்டாம், மூன்று வேளையும் சாப்பிடலாம் என்று சொல்லிக்கொண்டு பத்துக் கிலோ கொழுப்பு எங்கிருந்து போகும்? டாக்டர் சீட்டின்பேரில் மட்டுமே தர வேண்டிய டிர்செபடைட் ஊசி 2025 மார்ச்சில் இந்தியாவுக்கு வந்தது. எடை குறைப்பதில் இன்று நிரூபணமான வீரியமுள்ள மருந்துகளில் ஒன்று. அதற்கே முக்கியப் பரிசோதனையில், அதிகபட்ச அளவு கொடுத்து, உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு குறைய 72 வாரம் ஆனது.

"ஆனா மெஷின்ல காட்டுதேக்கா, மூணு கிலோ கொறஞ்சிருக்கு" என்று சொல்பவர்களும் உண்டு. குறைந்திருக்கும். 'ஸ்லிம்மிங் டீ' என்று விற்பதில் பலவற்றில் இருப்பது நிலாவாரை. திருநெல்வேலிச் சீமையில் விளைந்து, 'டின்னவேலி சென்னா' என்று உலகச் சந்தையில் பேர் வாங்கிய பேதி மருந்து. அது வேலை செய்வது பெருங்குடலில். சாப்பாட்டின் சத்தெல்லாம் அதற்கு முன்பே சிறுகுடலில் உறிஞ்சப்பட்டுவிடுகிறது. எனவே வெளியே போவது தண்ணீரும் உப்பும். கொழுப்பு இருந்த இடத்தில் இருக்கிறது. இரண்டு நாள் டீயை நிறுத்தினால் எடை திரும்பிவிடும். தொடர்ந்து குடித்தால் ரத்தத்தில் பொட்டாசியம் இறங்கி இதயத் துடிப்பு தடுமாறும். பிரஷருக்காக நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இது இரட்டை ஆபத்து. சேர்த்துப் போடலாமா என்று கேட்ட அந்தப் பெண்ணின் கேள்வி மிகச் சரியான கேள்வி. வாங்கும் முன்பே அதைக் கேட்கிற வழக்கம் வர வேண்டும்.

மூலிகை என்ற பெயருக்குள் ரசாயனம் ஒளிந்திருப்பதும் உண்டு. சிபுட்ரமைன் என்ற பசி அடக்கும் மருந்து மாரடைப்பு, பக்கவாத ஆபத்தைக் கூட்டுகிறது என்று தெரிந்து 2011 பிப்ரவரியில் இந்தியாவில் தடை செய்யப்பட்டது. அதே மருந்து பெயர் போடாமல் 'இயற்கை' மாத்திரைகளுக்குள் கலக்கப்பட்டிருப்பதைப் பல நாட்டு அதிகாரிகள் இன்றுவரை கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறார்கள். மூலிகை மாத்திரை போட்ட முதல் நாளே பசி அறவே போய், நெஞ்சு படபடத்து, தூக்கமும் வரவில்லை என்றால் உடனே நிறுத்திவிடுங்கள்.

2026 ஜனவரியில் மதுரையில் நடந்ததை மறக்க முடியவில்லை. கொழுப்பைக் கரைக்கும் என்று யூடியூபில் சொன்னதை நம்பி, நாட்டு மருந்துக்கடையில் வெங்காரம் வாங்கிச் சாப்பிட்ட பத்தொன்பது வயதுக் கல்லூரி மாணவி வாந்தி பேதியில் இறந்துபோனார் என்று செய்தி வந்தது. நகை ஆசாரிகள் பொன் பற்றவைக்க எடுக்கும் உப்பு அது. சித்த மருத்துவத்தில் வெங்காரம் உண்டுதான். சுத்திமுறை செய்து, வைத்தியர் அளவு சொல்லிக் கொடுப்பது. காணொளியில் பேசியவருக்கு அந்தப் பெண்ணின் வயதும் தெரியாது, எடையும் தெரியாது.

இவ்வளவுக்கும் சட்டம் இல்லாமல் இல்லை. 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டத்தில், எந்தெந்த நோய்களைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்யக் கூடாது என்று ஒரு பட்டியலே உண்டு. புற்றுநோய், சர்க்கரை நோயோடு உடல் பருமனும் அதில் இருக்கிறது. முதல் முறை பிடிபட்டால் ஆறு மாதம் வரை சிறை. இதிலிருந்து தப்பத்தான் வியாபாரிகள் தங்கள் சரக்கை 'உணவு' என்கிறார்கள். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிப்படி அத்தகைய சத்து மாத்திரைகளில் 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்று அச்சிட்டாக வேண்டும். அச்சிடுகிறார்கள், பின்பக்கத்தில். முன்பக்கத்தில் மருந்துக்கான வாக்குறுதி, பின்பக்கத்தில் மருந்தே இல்லை என்ற ஒப்புதல். இரண்டும் ஒரே டப்பாவில் இருந்தால் அது ஏமாற்று என்று முடிவுகட்டலாம். பதினான்கு இலக்க உரிம எண்ணைக் காட்டி அரசு அங்கீகாரம் என்பார்கள். உணவு தயாரிக்கவும் விற்கவும் கொடுத்த உரிமம் அது. எடை குறையும் என்பதற்கு யாரும் கொடுத்த சான்று அல்ல.

பெரிய பெயர்களும் விலக்கல்ல. இயந்திரச் சிகிச்சையின் ஒரே அமர்வில் 600 கிராம், 7 சென்டிமீட்டர் வரை குறையும் என்று விளம்பரம் செய்த விஎல்சிசி நிறுவனத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2025-ல் 3 லட்சம் ரூபாய் அபராதம் போட்டது. அந்த இயந்திரத்துக்கு அமெரிக்காவில் கிடைத்த அனுமதி, குறிப்பிட்ட சில இடங்களில் திரண்ட கொழுப்பைக் குறைக்க மட்டுமே. உடல் எடையைக் குறைக்க அல்ல. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கு 3 லட்சம் எந்த மூலைக்கு? அபராதத்தைவிட லாபம் பெரிதாக இருக்கும்வரை இந்த விளம்பரங்கள் நிற்காது.

விலைக் கட்டுப்பாடு உள்ள மருந்துகளில் என் போன்ற கடைக்காரர்களுக்கு 16 சதவீத லாபம். இந்த டப்பாக்களுக்குப் பாதிக்குப் பாதி தருகிறோம் என்று ரெப்கள் வருகிறார்கள். நான் வைப்பதில்லை. மற்ற கடைக்காரர்களும் வைக்கக் கூடாது என்று இதன் மூலம் கேட்டுக்கொள்கிறேன். தமிழ்நாட்டில் நூற்றுக்கு 40 பெண்கள் உடல் எடை கூடியவர்கள் என்று 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. பிரசவம், தைராய்டு, நீர்க்கட்டி, உட்கார்ந்தே செய்யும் வேலை என்று ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம். வீட்டிலும் கல்யாணப் பேச்சிலும் கேட்ட சொற்கள் வேறு. அந்த வேதனையில் கைவைத்துக் காசு பார்ப்பதை என்னால் வியாபாரம் என்று ஏற்க முடியவில்லை.

ஏற்கெனவே வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கண் மஞ்சளித்தாலோ, சிறுநீர் அடர்நிறத்தில் போனாலோ கம்பம் அரசு மருத்துவமனைக்கோ தேனி மருத்துவக் கல்லூரிக்கோ உடனே போங்கள். டப்பாவைக் கையோடு கொண்டுபோய் டாக்டரிடம் காட்டுங்கள், மறைக்காதீர்கள். ஏமாந்துவிட்டோம் என்று தெரிந்தால் டப்பா, பில், விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட் மூன்றையும் பத்திரமாக வைத்துக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கும், தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறையின் 94440 42322 வாட்ஸ்அப் எண்ணுக்கும் புகார் அனுப்புங்கள்.