மூன்று மணி நேரம்

1993இல் என் தாத்தாவுக்கு வலப்பக்கக் கையும் காலும் விழுந்துவிட்டபோது மருத்துவர் சொன்னது ஒரே சொல்: ‘பார்க்கலாம்’. அவரைக் குறை கூறுவதற்கில்லை. அந்நாளில் அமெரிக்காவின் பெரிய மருத்துவமனைகளிலும் நரம்பியல் மருத்துவர் சொல்லக்கூடியது ஏறத்தாழ அவ்வளவே. எவ்வளவு மீளும் என்று காத்திருப்பதுதான் பெரிதும் சிகிச்சையாக இருந்தது. நம் சொல்லும் அதற்கேற்ப அமைந்தது போலும். மூளையில் நடப்பதைப் பேசாமல், நடந்து முடிந்தபின் கிடக்கும் உடம்பையே ‘பக்கவாதம்’ பேசுகிறது.

1996 ஜூனில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் ஆல்டிப்ளேஸ் என்னும் மருந்தைப் பக்கவாதத்துக்கு அனுமதித்தது. இரத்தக் கட்டியைக் கரைக்கும் அம்மருந்து 1987 முதலே மாரடைப்புக்காக அந்நாட்டில் வழங்கி வந்ததுதான். புதிதாக வந்தது ஒரு நிபந்தனை: நோய் தொடங்கிய மூன்று மணி நேரத்துக்குள் ஏற்ற வேண்டும்.

அந்த நிபந்தனை மருத்துவமனையின் நடையையே மாற்றிவிட்டது என்பேன். மூளையில் அடைப்பா, இரத்தக் கசிவா என்பது சி.டி. ஸ்கேன் எடுக்காமல் தெரியாது. கசிவுள்ளவருக்கு இம்மருந்தைக் கொடுத்தால் அது நஞ்சு. எனவே நள்ளிரவிலும் ஸ்கேன் எடுக்க ஆள் வேண்டும், படத்தை உடனே பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும். ஆம்புலன்ஸ் வழியிலிருந்தே தகவல் தர வேண்டும். நோயாளி வாசலில் நுழைந்து அறுபது நிமிடங்களுக்குள் மருந்து ஏற வேண்டும் என்று 1996 டிசம்பரிலேயே வல்லுநர்கள் கூடி இலக்கு வகுத்தனர். 2003இல் பக்கவாத சிகிச்சை மையங்களுக்குத் தனிச் சான்றளிப்பும் அங்கே தொடங்கியது.

இவ்வளவும் எதிர்ப்பின்றி நிகழவில்லை. அனுமதிக்கு அடிப்படையான ஆய்வில் 624 பேர் பங்கேற்றனர். மருந்து பெற்றவர்கள் மூன்று மாதத்துக்குப் பின் ஊனமின்றியோ சிறு குறையுடனோ இருக்கும் வாய்ப்பு, பெறாதவர்களைவிடக் குறைந்தது 30 விழுக்காடு கூடுதல். ஆனால் நிலைமையை மோசமாக்கும் மூளைக் கசிவு 6.4 விழுக்காட்டினருக்கு நேர்ந்தது. பெறாதவர்களில் அது 0.6 மட்டுமே. அவசரப் பிரிவு மருத்துவர்கள் பலர் இதைக் காட்டி ஆண்டுக்கணக்கில் தயங்கினர். அத்தயக்கத்தைக் கோழைத்தனம் என எழுதியவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நோய் கொன்றால் விதி என்போம். ஊசி கொன்றால் அந்தக் கைக்கு ஒரு பெயர் உண்டல்லவா? ஆயினும் செயலற்றிருப்பதும் ஒரு முடிவுதான் என்பதை ‘பார்க்கலாம்’ என்ற சொல் நெடுங்காலம் மறைத்து வைத்திருந்தது. அந்த மறைப்பை நீக்கியதே இந்த அனுமதியின் பெரும்பயன் என்று கருதுகிறேன்.

பின்னர் 2008இல் வெளியான ஐரோப்பிய ஆய்வு நாலரை மணி நேரம் வரை பயனுண்டு என்று காட்டியது. 2015இல் கட்டியைக் குழாய்வழி எடுக்கும் முறை ஆய்வுகளில் நிலைபெற்றது. மருந்துக்காகப் பழகிய அதே விரைவுதான் அதற்கும் வழிவிட்டது.

இன்று நோயாளியோடு வருபவரிடம் முதலில் கேட்பது, ‘இவரைக் கடைசியாக நல்லபடி பார்த்தது எப்போது?’ என்பதே. மணிக்கணக்கு அங்கிருந்து தொடங்குகிறது. உறக்கத்தில் விழுந்தவர்க்கும் தனித்து வாழ்பவர்க்கும் விடை சொல்ல ஆளில்லை. அவர்களில் பலர் மருந்தைத் தவறவிடுகிறார்கள்.

என் பாட்டிக்கு விடை தெரிந்திருக்கும். பிற்பகல் காப்பியைத் தாத்தா தாமே எழுந்து வந்து வாங்கிக்கொண்டாராம். அந்த நேரத்தை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அதைக்கொண்டு செய்வதற்கு அன்று ஒன்றுமில்லை.