ஓவியன் எழுத்தாளனின் ஏவலாளா?

சித்திரக்கதை என்று சொன்னதுமே நம் சிற்றிதழ் வட்டாரங்களில் ஒரு புன்னகை அரும்புகிறது. உயரத்திலிருந்து இறங்கிவரும் புன்னகை அது. அதைத் தொடர்ந்து இரண்டு தீர்ப்புகள் வழங்கப்படும். ஒன்று, அது சிறுவர் சமாச்சாரம். மற்றொன்று, தமிழனுக்கு அந்தக் கலை வாய்க்கவில்லை. இவ்விரண்டையும் நாம் மறுக்கிறோம்.

ஜப்பானின் ‘ஷோனென் ஜம்ப்’ வார இதழில் 2008 முதல் 2012 வரை ‘பாக்குமன்’ என்ற மங்கா தொடர் வெளிவந்தது. த்சுகுமி ஓபா எழுத, தகேஷி ஒபாதா வரைந்தார். 20 தொகுதிகளில் நிறைவுற்றது. பள்ளி மாணவர் இருவர், ஒருவன் வரைபவன், மற்றவன் எழுதுபவன், மங்கா படைப்பாளிகளாகப் போராடுவதே கதை. வாள்வீச்சு இல்லை, பூதங்கள் இல்லை. திருப்பி அனுப்பப்படும் வரைவு, இதழாசிரியரின் திருத்தம், வாசகர் வாக்கில் வாராவாரம் ஏறி இறங்கும் இடம் ஆகியவையே அதன் திருப்பங்கள். கலை அருள்வாக்கன்று, பயின்று கைவருவது என்பதை இவ்வளவு விரிவாக விவாதிக்கும் ஒரு படைப்பைச் சிறுவர் சமாச்சாரம் என ஒதுக்குவது விமர்சனமாகாது, சோம்பலே ஆகும்.

இனி இரண்டாம் தீர்ப்பு. சங்கரன்கோவிலிலிருந்து பேருந்தில் போய்வரும் தொலைவில்தான் சிவகாசி இருக்கிறது. அங்கே 1972-இல் ‘இரும்புக்கை மாயாவி’யுடன் முத்து காமிக்ஸ் பிறந்தது. 1984-இல் லயன் காமிக்ஸைத் தொடங்கியபோது அதன் ஆசிரியர் விஜயனுக்கு வயது 17. அவருடைய நினைவுத்தொடரான ‘சிங்கத்தின் சிறுவயதில்’ எந்த மங்காவுக்கும் இளைத்த கதையன்று. ஆக, துணிவுள்ள இளைஞனும் இங்கே இருந்தான், அச்சகமும் இருந்தது, காத்திருந்து வாங்கிய வாசகரும் இருந்தனர். எனினும் அவ்விதழ்கள் பெரும்பாலும் தாங்கி வந்தவை பிரித்தானிய, இத்தாலிய, பெல்ஜியக் கதைகளின் மொழிபெயர்ப்புகளே. மாயாவியும் டெக்ஸ் வில்லரும் லக்கி லூக்கும் அழகிய தமிழ் பேசினார்கள். தமிழ்க் கையால் வரையப்பட்டவர்கள் அல்லர்.

ஏன்? திறமைப் பஞ்சம் என்பார்க்கு, ‘பொன்னியின் செல்வ’னுக்கு மணியம் வரைந்த ஓவியங்களே விடை. குறை வேறிடத்தில் இருக்கிறது. நம் வார இதழ்கள் ஓவியனை உரைநடைக்கு அணிசெய்பவனாகவே அமர்த்தின. எழுத்தாளன் சொல்லி முடித்ததை அவன் மீண்டும் காட்ட வேண்டும்; தானே கதையை நகர்த்தலாகாது. வாண்டுமாமாவும் ஓவியர் செல்லமும் இணைந்து உருவாக்கிய சித்திரக்கதைகள் மாற்றுவழி காட்டின. அவ்வழியில் ஒரு பரம்பரை உருவாகும் முன்பே நாம் அதைச் சிறுவர் பகுதிக்குள் அடைத்துவிட்டோம்.

ஜப்பானில் புதியவனுக்குப் போட்டிகள் உண்டு. அவன் வரைவைப் படித்துத் திருத்தச் சொல்லும் இதழாசிரியர் உண்டு. ‘பாக்குமன்’ அந்த அமைப்பின் கொடுமையையும் மறைக்கவில்லை. நாயகனின் சிற்றப்பா மங்காவுக்காக உழைத்துழைத்தே மாண்டவர். நாயகனும் மருத்துவமனைப் படுக்கையில் வரைகிறான். உயிரை உறிஞ்சும் அந்த வாரக்கெடுவை நாம் இறக்குமதி செய்ய வேண்டியதில்லை. நாம் கேட்பது புதியவனின் முதல் வரைவைப் பொறுமையாகப் படிக்கும் ஒரு கண்ணை.

சங்கரன்கோவில் தலபுராணத்தில் சங்கன், பதுமன் என்னும் நாகர்கள் சிவன் பெரியவனா, திருமால் பெரியவனா என்று வழக்காடுகிறார்கள். கோமதியம்மன் தவமிருக்க, ஓருடலில் இருபாதியாய்ச் சங்கரநாராயணர் காட்சி தருகிறார். ஒரு நீண்ட வழக்கின் தீர்ப்பைச் சொல்லின்றி ஓர் உருவத்திலேயே சொல்லிவிட்ட மரபு இது. ஆடித்தபசுக்கு ஆண்டுதோறும் திரளும் கூட்டம் அதைப் படித்துக்கொண்டுதான் இருக்கிறது. இம்மரபினருக்குப் படத்தால் கதைசொல்ல வராது என்பவர் எதைப் பார்த்துச் சொல்கிறார்?

நமது கோரிக்கைகள் எளியவை. சிற்றிதழ்கள் இதழுக்கு எட்டுப் பக்கங்களையேனும் தமிழில் பிறந்த சித்திரக்கதைக்கு ஒதுக்கட்டும். எழுதியவர், வரைந்தவர் இருவர் பெயரும் ஒரே அளவு எழுத்தில் அச்சாகட்டும். ஊதியமும் அவ்வாறே பகிரப்படட்டும். கல்லூரி ஆண்டு மலர்கள் கவிதைக்குக் காட்டும் தாராளத்தில் பாதியை இதற்குக் காட்டட்டும். தமிழ்த்துறைகள் சித்திரக்கதையைப் பனுவலாக ஏற்று ஆராயட்டும்.

இவற்றில் ஒன்றையும் செய்யாமல் ‘தமிழில் யார் வரைகிறார்கள்?’ என்று கேட்பது, விதைக்காத வயலைப் பார்த்து மண்ணைப் பழிப்பதாகும்.