குளத்தங்கரையில் ஒரு மஷூரா



வந்து குவிந்திருக்கும் உங்கள் கேள்விக் கடிதங்களை அடுத்த மாதத்துக்கு ஒதுக்கி வைத்திருக்கிறேன். இம்முறை எங்கள் மஹல்லாவின் குளத்தைப் பற்றி எழுதப் போகிறேன். மௌலவிக்கும் குளத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். வுழூவின் பாடத்தைத் தண்ணீரில் இருந்துதானே தொடங்குகிறோம்!

பள்ளிவாசலுக்குப் பின்புறம் அந்தச் சிறு குளமும், அதையொட்டி ஒரு சிறுவர் பூங்காவும் உள்ளன. பூங்கா என்பது பெயருக்குத்தான். ஊஞ்சலில் பலகை இல்லை, சங்கிலி மட்டும் தொங்குகிறது. குளத்தை ஆற்றுவாழை மூடிவிட்டது. (அழகுக்காக இந்நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட செடி அது. 1909ஆம் ஆண்டிலேயே அதற்கெதிராகச் சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று.) இராக் காலத்தில் கோழிக் கழிவையும் பிள்ளைகளின் பம்பர்ஸையும் உறையில் கட்டி அதில் எறிபவர்கள் வெளியூரார் அல்லர், நாம்தான். நீர்த்துறையிலும் பாதையிலும் மக்கள் ஒதுங்கும் நிழலிலும் அசுத்தம் செய்வது சாபத்துக்குரியது என நபி (ஸல்) அவர்கள் எச்சரித்த ஹதீஸ் அபூதாவூதில் உண்டு. அதை மிம்பரில் எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன்.

பூங்காவையும் குளத்தையும் திருத்தியமைக்கப் பிரதேச சபை தீர்மானித்தது. வரைபடத்தை முடிவாக்கு முன் ஊராரின் கருத்தை அறிய வேண்டும் என்றார்கள். நல்ல விடயம். ஜும்ஆவுக்குப் பின் அறிவித்தவன் நானே. அஸருக்குப் பிறகு நாற்பது பேரளவில் கூடினோம். அனைவரும் ஆண்கள். வண்ண விளக்கு நீரூற்று வேண்டும் என்றார் ஒருவர். நன்கொடையாளர் பெயர் பொறித்த வளைவு வேண்டும் என்றார் இன்னொருவர். குளத்தில் மூன்றிலொரு பங்கை மூடிக் கடைத்தொகுதி கட்டினால் வருமானம் வரும் என்றதும் எல்லோரும் தலையசைத்தார்கள். நானும் அசைத்தேன்.

வீட்டுக்குப் போய்ப் பெருமையாகச் சொன்னேன். என் மனைவி சோற்றைப் பரிமாறிக்கொண்டே கேட்டார்: “அந்தப் பூங்காவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போறது ஆரு? குளத்துப் பக்கம் கிடக்கிற வீடுகளில பகல் முழுக்க இருக்கிறது ஆரு? மோட்டார் சைக்கிளில அதைக் கடந்து போறவங்களிட்ட மட்டும் கேட்டுட்டு வந்திருக்கிறீங்களே!”

எனக்குச் சோறு இறங்கவில்லை. ஷூரா என்ற பெயரிலேயே ஒரு ஸூறா இருப்பதை மாணவர்களுக்குப் பல வருடங்களாக ஓதிக் கொடுக்கிறேன். ஹிஜ்ரி 6இல் ஹுதைபிய்யாவில் நடந்ததையும் சொல்லிக் கொடுக்கிறேன். குர்பானி கொடுத்துத் தலைமுடியைக் களையும்படி நபி (ஸல்) அவர்கள் கூறியும், கவலையில் இருந்த ஸஹாபாக்கள் எழும்பவில்லை. அப்போது கூடாரத்தில் இருந்த உம்மு ஸலமா (ரழி) அவர்கள்தான், எவரிடமும் எதுவும் பேசாமல் வெளியே சென்று தாங்களே முதலில் அதைச் செய்யுங்கள் என ஆலோசனை சொன்னார்கள். நபியவர்கள் அவ்வாறே செய்ததும் தோழர்களும் எழுந்து செய்தார்கள். அந்தப் பாடத்தை நடத்துகிற நான், என் வீட்டுப் பெண்ணிடம்கூடக் கேட்காமல் தலையசைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

அடுத்த சனிக்கிழமை காலை குர்ஆன் மத்ரஸா மண்டபத்தில் பெண்களுக்கெனக் கூட்டம் வைத்தோம். உள்ளூராட்சி மன்றங்களில் 25 வீதம் பெண்களுக்கு என்ற ஏற்பாடு 2018ஆம் ஆண்டுத் தேர்தலிலிருந்து நடைமுறையில் இருப்பதால், சபையின் பெண் உறுப்பினர்கள் இருவரும் வந்திருந்தனர். நான் ஓரத்தில் இருந்து குறிப்பெடுத்தேன்.

சகோதரிகளே, அன்று கேட்டவற்றில் பாதியை நாங்கள் நாற்பது பேரும் யோசித்திருக்கவே இல்லை. சீனி வியாதிக்கு நடக்கச் சொல்கிறார் டாக்டர், ஸுபஹுக்குப் பின் எங்கே நடப்பது என்று கேட்டார் ஒரு ராத்தா. மலசலகூடம் இல்லாவிட்டால் பிள்ளையோடு அரை மணித்தியாலம்கூட இருக்க முடியாது என்றார் ஓர் இளம் தாய். குளத்துக்குச் செங்குத்தான கொங்கிரீட் சுவர் எழுப்பினால் தவறி விழும் பிள்ளை எதைப் பிடித்து ஏறும், கரை சரிவாக இருக்கட்டும் என்றார் மற்றொருவர். நான் குறுக்கிட்டு, பெண்கள் பகுதிக்கு உயரமான மதில் கட்டலாமே என்றேன். நல்லெண்ணத்தில்தான் சொன்னேன். “மதிலுக்குப் பின்னால ஆர் ஒளிஞ்சிருக்காண்டு எங்களுக்கு எப்படி மௌலவி தெரியும்?” என்று கேட்டார்கள். இடுப்பளவு செடி வேலியும் நல்ல வெளிச்சமும் போதும் என்பது அவர்கள் முடிவு. அதையே எழுதிக்கொண்டேன்.

குளம் இருந்தால் டெங்கு வரும், மூடிவிடுவதே நல்லது என்று சிலர் பயந்தார்கள். 2017இல் இந்நாட்டில் 186,000 இற்கும் அதிகமானோருக்கு அந்தக் காய்ச்சல் கண்டதை நினைத்தால் அந்தப் பயத்தைக் குறை சொல்ல முடியாது. வந்திருந்த பொதுச் சுகாதாரப் பரிசோதகர் விளக்கினார்: டெங்கு நுளம்பு பெரும்பாலும் முட்டையிடுவது சிரட்டை, டயர், யோகட் கோப்பை, பூச்சாடித் தட்டு போன்றவற்றில் தேங்கும் தண்ணீரில்தான். மீன் வாழும் திறந்த குளத்தில் குடம்பிகளை மீன்கள் தின்றுவிடும். ஆகவே மீன் வாழும்படி குளத்தைத் துப்புரவாக்குவதும், முற்றத்தைச் சுத்தமாக வைப்பதும்தான் வழி. கடலோர மணல் நிலத்தில் கிணற்றின் நல்ல தண்ணீர் உவர் நீருக்கு மேலே மிதந்து நிற்கிறது என்பதையும், மாரியில் குளத்தில் தங்கும் நீர் மெல்ல ஊறி அந்த நல்ல தண்ணீரைக் கூட்டுகிறது என்பதையும் அவரே சொன்னார். மூன்றிலொரு பங்கை மூடினால் அவ்வளவு தண்ணீரும் எங்கே போகும்?

எங்கே போகும் என்பதைச் சொன்னவர் ஒரு மூத்தம்மா. பின்வரிசையில் தஸ்பீஹ் மணியோடு இருந்தவர். தாம் மணமுடித்து வந்த காலத்தில் குளத்தின் தென்மூலையிலிருந்து ஒரு வடிச்சல் வாய்க்கால் தோணாவுக்குப் போனதாகவும், எவ்வளவு மழை பெய்தாலும் தண்ணீர் வீட்டுக்குள் வந்ததில்லை என்றும் சொன்னார். இப்போது ஒவ்வொரு மாரியிலும் அவருடைய வீட்டில் கட்டிலுக்குக் கீழே தண்ணீர்.

சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தர் அவரையே கூட்டிச் சென்று இடத்தைக் காட்டச் சொன்னார். தோண்டியபோது பழைய மதகின் கல் தெரிந்தது. கடைத்தொகுதி யோசனை அத்தோடு கைவிடப்பட்டது. சரிவுக் கரை, நடைபாதை, மலசலகூடம், நிழல் தரும் மரங்கள் என்று புதிய வரைபடம் தயாராகிறது. மரம் நடுபவருக்கு அதில் பறவை தின்பதும் ஸதகா என்ற ஹதீஸை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மக்கா யாத்திரிகர்களுக்காக நீர் கொண்டுவந்தவர் கலீபா ஹாரூன் ரஷீதின் மனைவி ஸுபைதா அம்மையார் என்பதை மட்டும் ஞாபகமூட்டுகிறேன். பிள்ளைகளுக்குக் கதை சொல்லும்போது அதையும் சொல்லுங்கள்.

ஒரு காரியம் மிச்சமிருக்கிறது. அந்த வாய்க்காலின் மேல் இப்போது ஒரு களஞ்சியம் நிற்கிறது. சொந்தக்காரர் முதல் ஸஃப்பில் தொழுபவர், பள்ளிவாசலுக்குத் தாராளமாகக் கொடுப்பவர். நிர்வாகத்தில் எவரும் அவரிடம் பேசத் தயாரில்லை. இரண்டு முறை நானே போனேன். இரண்டு முறையும் தேநீர் தந்து, பிள்ளைகளின் படிப்பைப் பற்றிக் கதைத்து அனுப்பிவிட்டார். மூன்றாம் முறை மூத்தம்மாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். மாரி தொடங்குமுன் போக வேண்டும்.

வஸ்ஸலாம்.