வீக்கம் வேறு, சிதைவு வேறு

காலையில் விரல் மூட்டுகள் விறைத்து, காப்பித் தம்ளரைப் பற்றவும் இயலாமல் தவிக்கும் முடக்குவாத நோயாளி, வீக்கம் வடிந்ததும் வியாதியே விலகிற்று என்று எண்ணுவது சகஜம். ஆனால் அதே எண்ணம் பரிசோதனைச் சாலையிலும் குடிபுகுந்து, எலியின் பாதம் சுருங்கியதை அளந்த மாத்திரத்தில் ஔஷதம் கண்டோம் என்று பறைசாற்றுவதை நான் ஒப்ப மாட்டேன்.

1999-இல் கனடா நாட்டு விஞ்ஞானிகள், செயற்கையாக மூட்டழற்சி உண்டாக்கிய எலிகளுக்கு ஆஸ்டியோபுரோட்டெஜெரின் என்னும் புரதத்தை அளித்தபோது, அழற்சி தணியாதிருந்தும் எலும்பின் நாசம் நின்றது. 2002-இல் வெளியான வியன்னா ஆய்விலோ, எலும்பைக் கரைக்கும் ஆஸ்டியோகிளாஸ்ட் செல்கள் இன்றியே பிறந்த சுண்டெலிகளின் மூட்டுகள் அழற்சியால் வீங்கின, எலும்போ அரிக்கப்படவில்லை. நெருப்பும் புகையுமாக இவ்விரண்டையும் பிணைத்துப் பேசிய நமக்கு இது சிறிய அதிர்ச்சியன்று.

பிராணிச் சோதனையே வீண் என்பது என் அபிப்பிராயம் அல்ல. லண்டனில் பெல்ட்மன், மைனி ஆகியோரின் குழு, டி.என்.எப். என்னும் அழற்சிப் பொருளைத் தடுத்து, 1992-இல் சுண்டெலிகளிடம் கண்ட பலன், மனிதரிடமும் மெய்யாயிற்று. அங்கே வீக்கத்தோடு நில்லாமல், மூட்டின் திசுவையும் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார்கள். சில வாரங்களே நீடிக்கும் எலியின் நோயைக் கொண்டு, பல்லாண்டு நீளும் மனிதத் துன்பத்தை அளக்கத் துணிபவர், குறைந்தபட்சம் அவ்வளவாவது செய்ய வேண்டாமா? வலியை அனுபவிப்பதென்னவோ அந்த வாயில்லாப் பிராணிதான்.