அடுப்பும் துடைப்பமும்

ராயபுரம் ரயில் நிலையத்தின் தூண்களைப் பார்க்கும்போதெல்லாம் நமக்கு அடுப்பு ஞாபகம் வருகிறது. காரணம் உண்டு. தென்னிந்தியாவின் முதல் ரயில் வண்டி 1856-ம் வருஷம் ஜூலை முதல் தேதி இங்கிருந்துதான் வாலாஜா ரோடுக்குப் புறப்பட்டது. அந்நாளில் சென்னை ரயில் எஞ்சின்கள் விறகைத் தின்று ஓடின. அவற்றுக்குத் தீனி போடுவதற்காகக் கடற்கரை மணலில் சவுக்குத் தோப்புகள் வைத்தார்கள். சக்கரம் வைத்த விறகடுப்பு என்றே அந்த எஞ்சினைச் சொல்லிவிடலாம்.

அந்த அடுப்புக்கு ஆட்கள் இருந்தார்கள். சாம்பல் தட்டைக் காலி செய்ய வேண்டும். கொதிகலனின் குழாய்களில் படிந்த கரியைத் துடைக்க வேண்டும். இல்லாவிட்டால் காற்றுப் புகாது, நெருப்பு மங்கும், வண்டி நின்றுவிடும். வீட்டு அடுப்பில் சாம்பல் அடைத்தால் எந்த வண்டியும் நிற்பதில்லை. சமைக்கிற பெண்மணியின் கண் கலங்குகிறது, அவ்வளவுதான். ஆகையால் வீட்டில் மற்றவர்களுக்கு அது தெரிவதேயில்லை.

"காஸ் அடுப்பு வந்துவிட்டதே, இனி விறகடுப்பைப் பற்றி எழுதுவானேன்?" என்று நேயர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் கொல்லைப்புறத்தில் வெந்நீருக்கும், கல்யாணத்தில் பெரிய அண்டாவுக்கும் விறகு இன்னும் எரிகிறது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலைப் போல் வெள்ளம் தெருவை அடைத்துக்கொண்டால், மூலையில் கிடந்த கற்கள் மறுபடி அடுப்பாகின்றன. நகரத்தை விட்டு வெளியே போனால், விறகையே நம்பியிருக்கும் குடும்பங்கள் அனேகம். 2020-ம் வருஷத்தில் வீட்டுப் புகையினால் உலகில் சுமார் 32 லட்சம் பேர் உயிரிழந்ததாக உலக சுகாதார ஸ்தாபனம் கணக்கிட்டிருக்கிறது. அவர்களில் 2,37,000-க்கும் மேற்பட்டோர் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள்.

இந்தத் துன்பத்தைப் போக்க நம் தேசத்தில் யாரும் முயலவில்லை என்று சொல்ல முடியாது. காந்தியடிகள் 1934-ல் தொடங்கிய அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தை நடத்தியவர், தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பா. அச்சங்கத்தின் இருப்பிடமான வார்தா மகன்வாடியில் 'மகன் சூலா' என்னும் அடுப்பு உருவாயிற்று. ஹைதராபாத்தில் எஸ். பி. ராஜு என்னும் எஞ்சினீயர் புகைபோக்கி வைத்த மண்ணடுப்பை அமைத்து, 1953-ல் அதைப் பற்றி ஒரு சிறு நூலும் வெளியிட்டார். பிறகு 1980-களில் மத்திய சர்க்காரே ஒரு திட்டம் வகுத்து, லட்சக்கணக்கான வீடுகளில் புகையில்லா அடுப்புகளைப் போட்டது.

போட்ட அடுப்புகள் என்ன ஆயின? ஒடிசாவில் இத்தகைய அடுப்புகளைச் சில வருஷங்கள் தொடர்ந்து கவனித்த ஹன்னா, டஃப்லோ, கிரீன்ஸ்டோன் ஆகிய மூவர் 2016-ல் தங்கள் முடிவை வெளியிட்டார்கள். முதல் வருஷத்தில் சமைப்பவர்கள் சுவாசித்த புகை குறைந்தது. பிறகு அந்த நன்மை மறைந்துவிட்டது. வீட்டார் புது அடுப்பை ஒழுங்காக உபயோகிக்கவில்லை, விரிசலைப் பூசவில்லை, புகைபோக்கியைத் துடைக்கவில்லை. அடுப்பைக் கொடுத்தவர்கள் கூடவே துடைக்கும் கையைக் கொடுக்க முடியாதல்லவா?

ஆகவே துடைப்பதைப் பற்றிச் சொல்கிறோம். தினமும் காலையில், தீ மூட்டுமுன் சாம்பலை வாரிவிட வேண்டும். வாரிய சாம்பலைச் சாக்கிலோ, கூடையிலோ, அட்டைப் பெட்டியிலோ போடலாகாது. நீறு பூத்த நெருப்பு என்று நம் பெரியோர் சும்மா சொல்லவில்லை. மேலே ஆறிப்போன சாம்பலுக்கு அடியில் தணல் ஒரு நாளுக்கு மேலும் உயிரோடு இருக்கும். மூடியுள்ள தகரப் பாத்திரத்தில் போட்டு வெளியே வைப்பதே நலம்.

வாரத்துக்கு ஒரு முறை அடுப்பை மெழுகும்போது விரிசல்களைக் களிமண்ணால் அடைக்கவும். குமிழ் தேய்ந்து பாத்திரம் ஆடினால் உடனே சரி செய்யவும். கொதிக்கும் சோற்றுப் பானை கவிழ்ந்த பிறகு மண் குழைத்துப் பயனில்லை.

புகைபோக்கி இருந்தால் மாதம் ஒரு முறையாவது துடைக்க வேண்டும். புகை அடுப்பு வாய் வழியே திரும்பினால் மாதம் முடியக் காத்திருக்க வேண்டாம். இரவு முழுவதும் அடுப்பு ஆறியிருக்கட்டும். அடுப்பு வாயை ஈரச் சாக்கால் மூடிவிட்டு, மூங்கில் கழியின் நுனியில் தேங்காய் நாரைக் கட்டி மேலும் கீழும் இழுத்தால் கரி உதிரும். இந்தக் கரி தானே தீப்பற்றக்கூடியது. அதிலும் கீற்றுக் கூரைக்கு அருகில் குழாய் போனால் ஆபத்து இரட்டிப்பு. மூக்கைத் துணியால் கட்டிக்கொள்ளுங்கள். முடிந்ததும் கைகால்களைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். லண்டனில் புகைக்கூண்டு துடைத்த பையன்களுக்குப் பிற்காலத்தில் வந்த புற்று நோய்க்குக் கரியே காரணம் என்று பெர்சிவல் பாட் என்னும் வைத்தியர் 1775-லேயே எழுதினார்.

விறகிலும் கவனம் வேண்டும். பச்சை மரத்தின் எடையில் ஏறக்குறையப் பாதி தண்ணீர். ஐப்பசி மழைக்கு முன், புரட்டாசியிலேயே விறகைப் பிளந்து காய வைத்துக் கூரைக்கடியில் அடுக்கிவிட வேண்டும். இரண்டு கட்டைகளைத் தட்டினால் கணீரென்று சத்தம் வந்தால் காய்ந்துவிட்டது என்று அர்த்தம்.

நம் வடசென்னையில் இலவசமாகக் கிடைக்கும் கட்டைகள் பல உண்டு. அவைதான் மிகவும் மோசம். பழைய ரயில் சிலிப்பர் கட்டையில் கிரியோசோட் எண்ணெய் ஊறியிருக்கும். பழைய படகுப் பலகையின் வர்ணத்தில் ஈயம் இருக்கலாம். துறைமுகத்துப் பெட்டிப் பலகையில் 'எம்.பி.' என்னும் முத்திரை இருந்தால், மெத்தில் புரோமைடு என்ற விஷப் புகை காட்டப்பட்டது என்று பொருள். 2023 வெள்ளத்தில் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியதை மறந்திருக்க மாட்டீர்கள். எண்ணெய் படிந்து கரை ஒதுங்கிய கட்டையும் அடுப்புக்கு ஆகாது.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். மங்கிய நெருப்பில் மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள். குளிருக்கென்றோ மழைக்கென்றோ கதவைச் சாத்திய அறையில் தணலை வைத்துத் தூங்காதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூங்குகிறவர் எழுந்திருக்க மாட்டார்.

எண்ணூர் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகளை ஊரெல்லாம் பார்த்தது. 1970 முதல் 2017-ல் அது மூடப்படும்வரை அதன் சாம்பலைப் பற்றி முறையிடாதவர் இல்லை. முறையிட்டது சரியே. ஆனால் அதற்குக் கையெழுத்திட்ட நம்மில் எத்தனை ஆண்மக்கள், நம் வீட்டுப் புகைபோக்கியை ஒரு நாளாவது எட்டிப் பார்த்தோம்? சமைப்பவர் கழுவ வேண்டியது பாத்திரம். ஏணி வைத்து ஏறிக் கரியைத் தள்ளுவது நம் வேலையாக இருக்கட்டும். வருகிற ஞாயிற்றுக்கிழமை அடுப்பு ஆறியிருக்கும்போது, நேயர்களில் ஓர் ஐம்பது பேர் மூங்கில் கழியைக் கையில் எடுத்தால், இந்த வாரம் நாம் எழுதியது வீண் போகவில்லை என்று நிம்மதியாக இருப்போம்.