கண்ணும் கண்ணோட்டமும்

மாசி மகத்தையொட்டி ஸ்ரீமுஷ்ணம் பூவராக சுவாமி கிள்ளைக் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு எழுந்தருள்வதும், கிள்ளைத் தைக்காலில் இசுலாமியப் பெருமக்கள் வரவேற்றுச் சிறப்புச் செய்வதும் இம்மண்ணின் நெடுநாளைய மரபு. சமய நல்லிணக்கத்திற்குச் சான்றாக இதனை எடுத்துக் கூறாதார் இலர். ஆயின் அந்த நல்லிணக்கத்தைத் தாங்கி நிற்கும் சாலைகளைப் பற்றி நாம் சிந்திப்பது குறைவு. ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து சேத்தியாத்தோப்பு, புவனகிரி வழியே சிதம்பரம் செல்லும் சாலையில் கோயிலுக்குச் செல்வோரும் நடக்கின்றனர். வைகறைத் தொழுகைக்குச் செல்வோரும் நடக்கின்றனர். மிதிவண்டியில் மாணவ மாணவியரும் செல்கின்றனர். விரைந்து வந்து மோதும் வண்டி எவரிடமும் சமயம் கேட்பதில்லை.

மைய அரசின் கணக்குப்படி 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் விபத்தினால் மாண்டோர் 1,68,491 பேர். அவ்வாண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் பெற்றது நம் தமிழ்நாடு. 64,105 விபத்துகள், 17,884 உயிரிழப்புகள். கல்வியிலும் தொழிலிலும் முன்னிற்கிறோம் என்று மகிழும் நாம், இந்த முதலிடத்திற்காக நாண வேண்டாமா?

எந்திரக் கண்

இந்நிலையில் ஓட்டுநருக்குத் துணையாக ஒரு கண் வந்துள்ளது. வண்டியின் முன்கண்ணாடிக்குப் பின்னே பொருத்தப்படும் சிறிய காமிராவே அது. கண்முன் விரியும் சாலையை அது நொடிக்குப் பன்முறை படம் பிடிக்கிறது. உடனிருக்கும் கணிப்பொறி அப்படங்களை ஆராய்ந்து, இது சாலைக் கோடு, இது பேருந்து, இது நடந்து செல்லும் மனிதர் என்று பிரித்தறிகிறது. நெருங்க நெருங்கப் பொருளின் உருவம் பெரிதாகும் அன்றோ? அவ்வுருவம் எத்துணை விரைவில் பெரிதாகிறது என்பதைக் கொண்டு, மோதுவதற்கு இன்னும் எத்தனை நொடி உள்ளது என்று கணிக்கிறது. முதலில் ஒலியெழுப்பி எச்சரிக்கும். ஓட்டுநர் அசையாவிடில், அதற்கான அமைப்புள்ள வண்டிகளில் தானே தடையை அழுத்தும்.

மணிக்கு 80 கிலோமீட்டர் விரைவில் செல்லும் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 22 மீட்டர் கடக்கிறது. ஓட்டுநர் இரண்டே நொடி கண்ணயர்ந்தால் வண்டி 44 மீட்டர் தூரம் குருடாய் ஓடுகிறது. அந்த இரண்டு நொடியை மீட்டுத் தருவதே இக்கருவியின் பயன். தானியங்கித் தடை பொருத்திய மகிழுந்துகள் முன்செல்லும் வண்டியின் பின்புறம் மோதும் விபத்துகள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்துள்ளதை அமெரிக்க ஆய்வுகள் காட்டியுள்ளன.

இக்கண்ணின் வரலாற்றில் நமக்கும் பெருமிதம் கொள்ள இடமுண்டு. பொருளிலிருந்து வரும் ஒளியே கண்ணுள் புகுந்து காட்சியாகிறது என்பதைச் சோதனை வழி நிறுவியவர், 10ஆம் நூற்றாண்டில் பஸராவில் தோன்றிக் கெய்ரோவில் வாழ்ந்த இப்னு ஹைதம். இருட்டறையில் சிறுதுளை வழியே ஒளி புகுந்து உருவம் விழுவதை ஆராய்ந்தவரும் அவரே. 2015ஆம் ஆண்டைப் பன்னாட்டு ஒளி ஆண்டாகக் கொண்டாடியபோது உலகம் அப்பேரறிஞரை நினைவுகூர்ந்தது.

நம் சாலையும் இக்கருவியும்

நம் நாட்டில் இது புதிதன்று. நாகபுரியில் 2021ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற ‘ஐராஸ்டே’ திட்டத்தின்கீழ் மாநகரப் பேருந்துகளில் இத்தகைய காமிராக்கள் பொருத்தப்பட்டன. ஓட்டுநரை எச்சரிப்பதோடு நில்லாது, எச்சரிக்கை மிகுதியாக எழும் இடங்களைத் தொகுத்து, விபத்து நேருமுன்னரே அவ்விடங்களைச் செப்பனிட வழிகாட்டுவதும் அதன் நோக்கமாகும். பேருந்துகளிலும் சரக்குந்துகளிலும் தானியங்கித் தடை, உறக்க எச்சரிக்கை, தடம் விலகல் எச்சரிக்கை ஆகியவற்றைக் கட்டாயமாக்க 2025 மார்ச்சில் மைய அரசு வெளியிட்ட வரைவு அறிவிக்கை முன்மொழிந்தது.

எனினும், கருவி வந்தவுடன் துன்பம் தொலைந்தது என்று எண்ணுவது பேதைமை. அமெரிக்காவில் 2022ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் ஆய்வு, நடந்து செல்வோரைக் கண்டறியும் தானியங்கித் தடை அவர்கள்மீது மோதும் விபத்துகளை 27 விழுக்காடு குறைத்ததெனக் கூறியது. அதே ஆய்வு, விளக்கில்லாத இருட்சாலையில் அக்கருவியால் பயன் காணப்படவில்லை என்றும் கூறியது. நமக்குரிய பாடம் இங்கேதான் உள்ளது. நம் ஊர்ப்புறச் சாலைகளில் விளக்கு எங்கே? கோடு எங்கே? பின்விளக்கின்றிக் கரும்பேற்றிச் செல்லும் டிராக்டரும், சாலையிலேயே காயும் நெல்லும், மார்கழிப் பனிமூட்டமும் மனிதக் கண்ணையே ஏமாற்றுவன. எந்திரக் கண் மட்டும் என் செய்யும்?

ஆதலின் மூன்று கருத்துகளை முன்வைக்க விழைகிறேன். முதலாவது, இக்கருவி செல்வர் மகிழுந்தின் அணிகலனாக நின்றுவிடலாகாது. நாள்தோறும் ஏழை எளியவரைச் சுமந்து செல்லும் பேருந்துக்கும், இரவெல்லாம் ஓடும் சரக்குந்துக்கும் முதலில் வர வேண்டும். இரண்டாவது, சாலைக் கோடு, தெருவிளக்கு, டிராக்டரின் பின்விளக்கு ஆகிய எளிய கடமைகளைக் கருவியின் பெயரால் ஒத்திப்போடலாகாது. மூன்றாவது, ஓட்டுநரின் முகத்தை நோக்கும் காமிரா அவரைத் தண்டிக்கும் ஒற்றனாக மாறிவிடக் கூடாது. கண்ணயர்வு அவர் குற்றம் மட்டுமன்று. ஓய்வு தராது வேலை வாங்குவோரின் குற்றமும் ஆகும். அக்காமிரா காட்டும் களைப்பைக் கண்டு அவருக்கு ஓய்வளிப்பதே அறம்.

வழியில் கிடக்கும் இடரை அகற்றுவதும் இறைநம்பிக்கையின் ஒரு கிளை என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். அன்று அகற்ற வேண்டியவை முள்ளும் கல்லும். இன்று அகற்ற வேண்டியவை இருளும் விரைவும் அயர்வும். வள்ளுவப் பெருந்தகையோ கண்ணோட்டம் என்றே தனியோர் அதிகாரம் வகுத்தார். கண் படைத்ததன் பயன் பிறர்பால் இரங்குதல் என்பது அவர் கருத்து. காமிராவுக்குக் கண் உண்டு, கண்ணோட்டம் இல்லை. அதனைச் சேர்க்க வேண்டியவர் சக்கரத்தைப் பிடித்திருக்கும் மனிதரே.

மாணவச் செல்வங்களே! நாளை உங்களில் ஒருவர் இக்கருவியை ஆக்கும் பொறியாளராகலாம்; ஒருவர் சாலை அமைக்கும் அலுவலராகலாம்; எவராயினும் வண்டி ஓட்டுவீர்கள். எதிரே மிதிவண்டியில் வரும் பிள்ளை உங்கள் தம்பி என்ற நினைவோடு ஓட்டுங்கள். எந்திரக் கண் அந்நினைவுக்குத் துணை நிற்கட்டும். அதற்கு ஈடாக நிற்க வேண்டா.